டோலியின் பல்லில் கம்பி இருந்ததா?

ஜேம்ஸ் பாண்ட் இரசிகர்களிடையே பல ஆண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூன்ரேக்கர்’ திரைப்படத்தில் டோலி என்ற இளம்பெண் சிரிக்கும்போது, அவள் பல்லில் கட்டிய கம்பி, அதாவது கிளிப், தெரிந்ததா இல்லையா என்பதே அந்த வழக்கு. இதற்கெல்லாமா சண்டை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தச் சண்டைக்குள் நம்மைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது.

காட்சி சிறியது. வில்லனின் அடியாள் ஜாஸ். ஏழடிக்கு மேல் உயரம், வாய் நிறைய இரும்புப் பல். நடித்தவர் 2014இல் மறைந்த ரிச்சர்ட் கீல். ரியோ டி ஜெனீரோவில் பாண்டைக் கொல்லப் போய், ரோப் கார் கட்டடத்தில் மோதி, இடிபாடுகளில் சிக்கிக்கொள்கிறான். இரட்டைச் சடையும் மூக்குக்கண்ணாடியுமாக டோலி ஓடிவந்து உதவுகிறாள். அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள். காதல் மலர்கிறது.

அந்தச் சிரிப்பில் கம்பி மின்னியதைக் கண்ணால் கண்டோம் என்று எத்தனையோ பேர் சாதிக்கிறார்கள். படத்தைப் போட்டுப் பார்த்தால் கம்பி இல்லை! படத்தையே யாரோ மாற்றிவிட்டார்கள் என்கின்றனர் சிலர். உலகமே மாறிவிட்டது என்று சொல்வோரும் உண்டு. நெல்சன் மண்டேலா 1980களில் சிறையிலேயே இறந்துவிட்டதாகப் பலர் உறுதியாக நினைத்திருந்தார்கள். அவரோ 1990இல் விடுதலையாகி, 2013 வரை வாழ்ந்தார். பலருக்கும் பொதுவான இத்தகைய தவறான நினைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கும் இணைச்சட்ட நூல், நீதிபதிகள் நன்றாக விசாரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வது சும்மாவா?

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974இல் தம் உடன் ஆய்வாளரோடு வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. முதல் வகையினரில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள். இரண்டாம் வகையினரில் 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பொருத்தமாக இருக்கும் ஒன்றை மனம் தானே சேர்த்துக்கொள்கிறது.

அப்படியானால் டோலியின் வாயில் கம்பியைக் கட்டியது எது? அவனுக்கு இரும்புப் பல், அவளுக்கும் இரும்புக் கம்பி, ஜாடிக்கேற்ற மூடி! கம்பி இருந்தால்தான் அந்தக் காட்சிக்கு அர்த்தம் என்று வாதாடுகிறார்கள். நமக்கென்னவோ, கம்பி இல்லாத காட்சியே பெரிதாகத் தோன்றுகிறது. ஊரே அஞ்சும் வாயைப் பார்த்துவிட்டு, தனக்கு அதுபோல் ஒரு குறையும் இல்லாத பெண் அஞ்சாமல் சிரிக்கிறாள். இதை நம்புவது கடினம். கால் ஊனமுற்ற ஒருவரை நல்ல உடல்நலமுள்ள பெண் மணக்கும்போது, “அவளுக்கும் ஏதாவது குறை இருக்கும்” என்று நாம் பேசிக்கொள்வதில்லையா? அதுவும் நாம் கட்டிவிடும் கம்பிதான்.

ஜாஸை நல்லவனாக்கக் கேட்டவர்கள் குழந்தைகள். இயக்குநர் லூயிஸ் கில்பர்ட்டுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களே அதற்குக் காரணம். வில்லன் டிராக்ஸ் மனித குலத்தை விஷவாயுவால் அழித்து, குறையற்ற உடலுள்ளோரை மட்டும் வைத்துப் புது உலகம் படைக்கத் திட்டமிடுகிறான். அந்த அளவுகோலுக்கு எட்டாதோர் அனைவரும் சாகத்தான் வேண்டும் என்பதை பாண்ட் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறார். ஜாஸ் டோலியைப் பார்க்கிறான். அவளோடு தனக்கு அங்கே இடமில்லை என்பது அவனுக்குப் புரிகிறது. அந்த நொடியே எசமானுக்கு எதிராகத் திரும்புகிறான்.

அந்த டிராக்ஸாக நடித்தவர் மைக்கேல் லான்ஸ்டேல், வளர்ந்தபின் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். 2020இல் காலமானார். 2010இல் ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ திரைப்படத்தில் சகோதரர் லூக்காக நடித்தார். அல்ஜீரியாவின் திபிரின் துறவு மடத்தில் மருத்துவராய் இருந்து, 1996இல் உடன் துறவிகளோடு கொல்லப்பட்டு, 2018 டிசம்பர் 8 அன்று அருளாளராக உயர்த்தப்பட்டவர் அந்த லூக். அவருடைய மருந்தகத்திற்கு வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து ஏழை முஸ்லிம்கள்.