அடகுக்குப் போகவிருந்த வளையல்



மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் நம் காசிமேட்டு வீடுகளுக்கு நீண்டவை. விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், வருமானம் நின்றிருக்கும். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையும் அந்த நாட்களையொட்டியே வந்து சேரும். அப்படியொரு மாலையில் நம் சபையின் சகோதரி ஒருவர், வளையலை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். மகள் பி.காம். சேரவிருக்கிறாள். வீட்டில் இருப்பதோ, சகோதரியின் தம்பிக்குப் பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. "பிராசசர் ரொம்பப் பழசு, இனி எதற்கும் உதவாது" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அக்காலத்து மடிக்கணினிகள் இன்றும் நம் தெருக்களில் பல வீடுகளின் அலமாரிகளில் உள்ளன. ஆகவே இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

பழையதையும் புதியதையும் நேர்மையாக ஒப்பிடுவோம். 2011இல் வெளிவந்த இன்டெல் பென்டியம் பி950 பிராசசரில் இரண்டு கோர்கள், வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த கோர் ஐ3-1215யூ பிராசசரில் ஆறு கோர்கள், தேவைப்படும்போது 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை எழும்பும். ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். பழையதன் மின்திறன் அளவு 35 வாட். புதியதன் அடிப்படை அளவு 15 வாட். புதியது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கட்டுரை எழுதவும் கணக்குப் பதியவும் இணைய வகுப்பில் அமரவும் பழையது போதாதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

படகுக்காரர் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். எஞ்சின் எவ்வளவு வலுவானதாயினும், ஐஸும் டீசலும் ஏறும்வரை படகு கரையில்தான் நிற்கும். பழைய மடிக்கணினியின் பிராசசரும் பெரும்பாலும் அப்படியே காத்து நிற்கிறது. 2.1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 210 கோடித் துடிப்புகள். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்க, நொடியில் நூறில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பிராசசர் 2 கோடித் துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. 2 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால், கணினி மீண்டும் மீண்டும் அந்த டிஸ்கையே நாடுகிறது. திரை உறைந்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழியோ பிராசசர்மேல் விழுகிறது.

டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, இயந்திரம் ஏற்கும் அளவுக்கு ரேமைக் கூட்டினால், அதே பிராசசர் வேறொரு கணினிபோல் இயங்கும். இதற்கு ஆகும் செலவு, புதிய மடிக்கணினியின் விலையில் சிறு பங்கே.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிந்துவிட்டது. அந்தப் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனவே லினக்ஸுக்கு மாறுவதே பாதுகாப்பு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வகையைச் சேர்ந்ததே. காசு தர வேண்டியதில்லை. விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கியல் மென்பொருளைக் கல்லூரிக் கணினிக்கூடத்தில் பழகலாம். வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு போன்றவற்றைப் படிக்கும் பிள்ளைக்குப் பழையது போதாது. அவர்களுக்குப் புதியது வாங்குவது வீண்செலவன்று. அப்போதும் கடனுக்கு முன் கல்லூரியில் விசாரியுங்கள்: கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது.

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று நம் ஆண்டவர் போதித்தார். நாமோ பலவேளைகளில் கணக்குப் பார்ப்பது அண்டைவீட்டாரின் கண்களைத்தான். தோழிகள் நடுவே மகள் வெட்கப்படக்கூடாது என்ற தாயின் தவிப்பை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் பழைய கணினியோடு கல்லூரிக்குப் போவதில் வெட்கமில்லை. வட்டி கட்ட முடியாமல் போகும் மாதமே அந்த வீட்டை நோகச் செய்யும்.

அந்தச் சகோதரி எஸ்எஸ்டியும் ரேமும் மாற்றினார். மகள் அதில்தான் படிக்கிறாள். வளையல் தாயின் கையிலேயே இருக்கிறது.

கர்த்தர் நம் பிள்ளைகளின் படிப்பையும், நம் வீடுகளின் கணக்கையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.