முதலில் அடிபட்டவர் பேசட்டும்

வேலி அடைக்கும் காலம் வந்தால் எல்லைப் பிணக்கும் கூடவே வருவது வடமராட்சியின் கரவெட்டி அறிந்த வழக்கம். பழைய கதியால் நின்ற இடத்துக்கு ஒரு சாண் அப்பால் புதிய கதியால் ஊன்றப்படுகிறது. சொல் தடிக்கிறது, கை ஓங்குகிறது, ஒருவர் மண்டை உடைகிறது. வழக்குப் பருத்தித்துறை நீதிமன்றுக்குப் போகிறது. அடித்தவர் கட்டும் தண்டப்பணம் அரச திறைசேரியைச் சேர்கிறது. அடிபட்டவரோ அங்கு வெறும் சாட்சி. ஏன் அடித்தாய் என்று கேட்கவும் பட்ட நோவைச் சொல்லவும் அவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. தீர்ப்புக்குப் பின்னரும் இருவரும் ஒரே பங்குக் கிணற்றில்தான் நீர் அள்ள வேண்டும்.

இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. சிறு காயம், அத்துமீறல் போன்றவற்றை மூன்று மத்தியஸ்தர் முன்னிலையில், சட்டத்தரணிகள் இன்றிப் பேசித் தீர்க்கலாம். சபை தீர்ப்பு வழங்குவதில்லை. உடன்பாடு எட்டாவிடின் அதற்குச் சான்றிதழ் கொடுத்து, நீதிமன்றம் செல்ல விடுகிறது. 1974இல் கனடாவின் எல்மைராவில், குடிவெறியில் ஊரார் உடைமைகளைச் சேதப்படுத்திய இரு இளைஞர் வீடு வீடாகச் சென்று உரியவர்களை நேரிற் கண்டு பேசி, இழப்பை ஈடுசெய்தனர். நம் சபைகளிலும் அத்தகைய பேச்சுக்கு இடமுண்டு என்றே நம்புகிறோம்.

ஆனால் எமக்கு ஓர் அச்சமும் உண்டு. "ஒரே ஊர், போனது போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் எளியவரே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் சாதியால் ஒடுக்கப்பட்டோர் போராடவே நேர்ந்தது. ஊர்ப் பெரியவர்களின் சமாதானம் அவர்களுக்கு உரிமை எதையும் பெற்றுத் தரவில்லை. அந்த வரலாற்றை வடமராட்சி மறக்கலாகாது.

ஆதலின் அடிபட்டவரை முதலில் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். அடித்தவருக்கு முகங்கொடுக்க அவர் விரும்பாவிடின் வற்புறுத்தலாகாது. செய்ததை ஒப்புக்கொள்ளாத ஒருவரின் எதிரே அவரை இருத்துவது இரண்டாம் அடி. மத்தியஸ்தர் நியமனத்தில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் பெயரளவுக்கன்றிப் போதிய அளவில் இடம்பெற வேண்டும். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணைக் "குடும்ப விடயம்" என்று சமாதானம் சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதை ஒவ்வொரு சபையும் இன்றே நிறுத்த வேண்டும்.