வீட்டுக் கணக்கில் மறையும் வயல்

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் நெல் பெண்களின் பயிர். எந்தத் தாழ்வுக்கு எந்த விதை என்று தேர்வதிலிருந்து நடவு, களை, அறுவடை வரை அவர்கள் பொறுப்பு. ஆண்கள் மேட்டு நிலத்தில் நிலக்கடலையும் கம்பும் சோளமும் பார்த்துக்கொண்டார்கள். 1966-இல் தைவான் நிபுணர்களும் எழுபதுகளின் நடுவில் சீன நிபுணர்களும் பம்பு வைத்துப் பாசன நெல்லைக் கொண்டுவந்தபோது பயிற்சி, கடன், விதை, உரம் எல்லாம் ஆண்கள் கைக்குப் போயின. நெல்லை அறிந்த பெண்களுக்கு அந்த வயல்களில் கூலி வேலைதான் மிஞ்சியது.

இந்தத் தவற்றைத் திருத்தவென்றே 1984-இல் ஜஹாலி-பச்சார் திட்டம் வந்தது. சுமார் 1,500 ஹெக்டேர்; பம்புப் பாசனம் கிடைத்த பகுதியில் இருபோகச் சாகுபடி. பெண்கள் போராடியதால் வயல்கள் அவர்கள் பெயரிலேயே பதிவாயின. ஆனாலும் பலன் அவர்களுக்குச் சேரவில்லை. வேளாண் வளர்ச்சி என்னும் நம் தொழிலில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இதுதான்.

அங்கு வாழும் மாண்டிங்கா மக்களிடம் வயல் இருவகை. ‘மாருவோ’ குடும்பப் பொதுவயல். அதன் விளைச்சல் குடும்பத் தலைவரின் பொறுப்பில் இருக்கும். ‘கமனியாங்கோ’ தனி ஒருவருக்கு உரியது. அதில் விளைவது பாடுபட்டவருக்கே. பொதுவயலில் உழைக்கும் பெண்ணுக்குத் தனி வயல் உண்டு என்பது பழைய ஏற்பாடு. பம்புத் தண்ணீர் வந்ததும் பெண்கள் தனியாகப் பயிரிட்டு வந்த நிலமும் பொதுவயலாக எண்ணப்பட்டது. ஒருபோக உழைப்பு இருபோகமானது; கையில் புழங்கிய சொந்த வருமானம் சுருங்கியது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. சில ஊர்களில் விளைச்சலில் பங்கு கேட்டு வாங்கினார்கள். வேறு சிலர் கணவர் வயலிலிருந்து விலகி, குழுவாகச் சேர்ந்து கூலிக்கு நடவு நட்டார்கள். புவியியலாளர் ஜூடித் கார்னி இவற்றை ஊரிலேயே இருந்து ஆராய்ந்து எழுதினார். மகசூல் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தகராறு எதுவும் கண்ணில் படாது. அங்கே நெல் கூடியிருக்கும்.

நாம் எழுதும் திட்ட அறிக்கைகளில் வருமானத்தின் அலகு ‘குடும்பம்’. புர்கினா பாசோவில் பொருளியலாளர் கிறிஸ்டோபர் உட்ரி 1996-இல் வெளியிட்ட ஆய்வு அந்த அலகையே உடைத்துப் பார்த்தது. ஒரே வீடு, ஒரே ஆண்டு, ஒரே பயிர். மனைவியின் வயலில் மகசூல் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. தொழுவுரம் கிட்டத்தட்ட முழுவதும் கணவரின் வயலுக்கே போனது, ஆள் உழைப்பும் அங்கேதான் கூடுதல். உரத்தையும் உழைப்பையும் வயல்களுக்கிடையே சரியாகப் பங்கிட்டிருந்தாலே அந்த வீட்டின் மொத்த விளைச்சல் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். வெளியிலிருந்து ஒரு மூட்டை உரமும் வாங்க வேண்டியதில்லை.

அப்படியானால் பெண்களிடம் நேரடியாக உரத்தைக் கொடுத்தால் போதுமா? மாலியில் நெல் பயிரிடும் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்தே பார்த்தார்கள். விளைச்சல் கூடியது. கூடவே களைக்கொல்லிச் செலவும் ஆள் கூலியும் ஏறின. லாபம் சொல்லும்படி உயரவில்லை. வறுமை ஒழிப்பு என்ற பெயரில் இடுபொருள் பை வழங்கும் ஒவ்வொரு அலுவலரும் அறிந்திருக்கவேண்டிய முடிவு இது.

நிலவுரிமையிலும் நுணுக்கம் உண்டு. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் நிலச் சான்றிதழில் கணவன், மனைவி இருவரின் பெயரும் புகைப்படமும் இருக்கும். எளிய காரியம், ஆனால் வலுவானது. ருவாண்டாவின் பெரும் நிலப்பதிவில் சட்டப்படி மணமுடித்த பெண்களின் உரிமை உறுதிப்பட்டது. திருமணத்தைப் பதிவு செய்யாத பெண்களின் நிலை பின்தங்கியது.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை தருவது நைஜரின் மராடி வட்டாரம். 1991-இல் கேர் தொண்டு அமைப்பு அங்கே தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழுக்கள் வெளிக்கடனை நம்பவில்லை. வாரந்தோறும் சிறு தொகை, அதிலிருந்தே உள்கடன், தவணை முடிந்ததும் வட்டியோடு பங்கீடு. இன்று ஆப்பிரிக்காவெங்கும் அந்த முறை பரவியிருக்கிறது. நிலத்தை அது தராது. ஆனால் அறுவடையான மறுநாளே அடிமாட்டு விலைக்கு விற்காமல் சில வாரம் காத்திருக்கும் தெம்பைத் தரும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நம்மைப் பற்றியும் ஒன்று. மலாவியில் சில ஊர்களில் பெண்களையே முன்னோடி விவசாயிகளாக நியமித்துப் புதிய முறைகளைப் பரப்பச் சொன்னார்கள். அவர்கள் கற்றதும் விளைவித்ததும் ஆண்களுக்குக் குறைவில்லை. ஊரார்தான் அவர்கள் சொல்லுக்குக் குறைவாகச் செவிசாய்த்தார்கள், பெண்கள் உட்பட. பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும் விரிவாக்கப் பணி பாதிப் பணிதான். ஊர்க்கூட்டத்தில் அந்தப் பெண்ணின் வயலுக்கே எல்லோரையும் அழைத்துச் சென்று, விளக்கத்தை அவர் வாயாலேயே கேட்கவைக்கும் பொறுப்பு அலுவலருடையது.

பம்போ புதிய ரகமோ இறங்குவதற்கு முன், வயல்வாரியாக நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: என்ன பயிர் என்று யார் தீர்மானிக்கிறார், யார் விற்கிறார், பணம் யார் கையில் தங்குகிறது, அடுத்த பருவமும் அதே வயல் அவருக்குக் கிடைக்குமா. சிறு விவசாயிகளின் மகசூல், வருமானம் பற்றி இவ்விதழுக்கு வரும் ஆய்வுகளில் இந்த விவரம் இல்லாமல் ‘குடும்பம்’ என்று மட்டும் இருந்தால், அடுத்த இதழ் முதல் அவற்றைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.