முதற்குடி

கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நம்மில் எவரும், பாறையை அடுக்கி, உப்பைக் கரைத்து, ஹைட்ரோமீட்டரில் 1.025 என்று கண்டு திருப்தியுற்று வீடு திரும்பிய பத்தாம் நாளுக்குள், "தண்ணிதான் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுபோச்சே சார், மீன் எப்போ விடுவீங்க?" என்ற தொலைபேசிக் குரலைக் கேளாதிருந்ததில்லை. தெளிவு வேறு, பக்குவம் வேறு என்று விளக்கும் சிரமத்துக்கு அஞ்சியோ, மீதித் தொகை கைக்கு வரவேண்டும் என்னும் லௌகிக நியாயத்தாலோ, ஒரு நீல டாம்செல் மீனைப் பையில் கொண்டுபோய் விட்டு, "இது தாக்குப்பிடிச்சா மத்ததும் பிழைக்கும்" என்று சொல்லி வருகிற சம்பிரதாயத்தை இனியேனும் நாம் கைவிட வேண்டும் என்பதே இவ்விதழில் என் விண்ணப்பம்.

அது மூடத்தனத்தில் பிறந்த சம்பிரதாயமன்று. அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் எளிதில் கிடைக்காத நாட்களில், நீரில் நச்சு உண்டா என்றறிய மீனின் செவுளைத் தவிர வேறு கருவி நம்மிடம் இல்லை. டாம்செல்லோ எதையும் தாங்கும் முரட்டு ஜீவன், விலையும் சொற்பம். கிட் கைக்கு வந்துவிட்ட பிறகும் ஓர் உயிரைக் கருவியாகப் பிரயோகிப்பதற்குத்தான் நியாயம் இல்லை.

பக்குவத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதும் புதிதாகக் கண்டதன்று. 1877-ஆம் ஆண்டு பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இரு ரசாயன நிபுணர்கள், சாக்கடை நீரை ஒரு நீண்ட மணற்குழாய் வழியே மெல்ல ஒழுகவிட்டு, உள்ளே சென்ற அம்மோனியா ஏறக்குறைய மூன்று வாரம் யாதொரு மாற்றமுமின்றி அப்படியே வெளிவருவதையும், அதன் பின்னர் நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்குவதையும், குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியவுடன் அம்மாற்றம் நின்றுபோவதையும் கண்டு, இது ரசாயன வினை மட்டுமன்று, நுண்ணுயிர்களின் காரியம் என்று நிலைநாட்டினார்கள். அந்த மூன்று வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் தொட்டிகளே கண்முன் வருகின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மந்தமாகவே பெருகுபவை. வாடிக்கையாளரின் அவசரம் அவற்றுக்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டபடியால், பாக்டீரியாக்கள் குடியேறிய பாறையைக் கடலிலிருந்து அள்ளி வந்து காலத்தைச் சுருக்கும் வழியும் நமக்கில்லை, இருக்கவும் கூடாது. உலர்ந்த பாறையில் தொடங்குகிறவர் நான்கு வாரம், சில வேளை ஆறு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேரும்படி அம்மோனியம் குளோரைடைக் கரைத்து, 24 மணி நேரம் கழித்துச் சோதிக்கையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி ஆயத்தம். (கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டை நுழையவிடாமல் தடுப்பதால், நன்னீர்க்காரர்கள் அஞ்சுமளவு நாம் நைட்ரைட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆயினும் அது பூஜ்யமாவது பாக்டீரியாக்கள் நிலைபெற்றதற்கு அடையாளம்.)

இனி, பக்குவமான தொட்டியிலும் மீன் மாளும் ஓரிடத்தைச் சொல்லியாக வேண்டும். இரவு முழுதும் பையில் அடைபட்டு வரும் மீன் விடுகிற மூச்சால் கரியமில வாயு கரைந்து, நீரின் பி.எச். தாழ்கிறது, அத்தாழ்ந்த நிலையில், மீன் கழித்த அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்னும் சாதுவான ரூபத்தில் அடங்கிக் கிடக்கிறது. பையைத் திறந்த மாத்திரத்தில் வாயு வெளியேற, பி.எச். ஏற, சாது நச்சாக உருமாறுகிறது, பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் நச்சு ரூபத்தின் அளவு ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்பதை மனத்திற்கொண்டால், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைப் பையில் இறக்குவது, கருணையின் பெயரால் நாம் செய்யும் கொடுமை என்று விளங்கும். மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, வியாபாரியின் உப்பளவை முன்பே கேட்டு அதற்கேற்பத் தயாரித்த தனிமைத் தொட்டியில் மீனை மட்டும் மாற்றிவிட்டு, பை நீரைக் கீழே கொட்டிவிடுவதே என் வழக்கம். ஓரிரவுப் பயணத்துக்கே இவ்வளவு என்றால், வெளிநாட்டிலிருந்து இரண்டு நாள் பயணித்து வரும் பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதல் மீனுக்குத் தனிமைத் தொட்டி எதற்கு, காலித் தொட்டியே தனிமைதானே என்று வாதிக்கும் நண்பர்கள் உண்டு. வெண்புள்ளி நோயின் கிருமி பாறையில் ஒட்டிக்கொண்டபின் அங்கே செம்பு மருந்தை ஊற்ற முடியாது. பாறையும் மணலும் மருந்தை உறிஞ்சும், பின்னால் வரப்போகும் பவளமும் இறாலும் அதைத் தாங்கா. எனவே, முதல் மீனுக்குத்தான் நான்கு வாரத் தனிமை முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மீன்? பண்ணையில் பிறந்த கோமாளி மீன் என்பேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைப் பொரிக்கச் செய்து காட்டியுள்ளனர். பவளப்பாறையில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்பட்டதோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. இளங்குஞ்சுகள் இரண்டை ஒருங்கே விட்டால், பெரியது நாளடைவில் பெண்ணாகும், சிறியது ஆணாகவே நிற்கும், சண்டையும் அதிகமிராது. டாம்செல்லின் சுபாவம் இதற்கு நேர்மாறு. பல ஆண்டுகளுக்கு முன் நான் சோதனைக்கென்று விட்ட ஒன்று, தொட்டி முழுவதும் தனக்கே பட்டா எழுதிய பாவனையில், பின்வந்த மீன்களையெல்லாம் மூலையில் ஒடுக்கிற்று. அதைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாறையைப் பிரித்தடுக்கி, வாடிக்கையாளரின் வரவேற்பறைக் கம்பளத்தை உப்புநீரில் நனைத்து, கூலியும் கேட்க நாவெழாமல் திரும்பினேன்.

மீனை விட்ட அன்று விளக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். உணவு மறுநாள், அதுவும் ஒரு சிட்டிகை. கடல் தாமரை இல்லாத தொட்டியில் கோமாளி மீன் இரவில் ஒரு மூலையில் நீர்மட்டத்தருகே சாய்ந்து நெளிந்தபடி உறங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு, "மீன் ஒருச்சாய்ச்சு படுத்திருக்கே சார், போயிடுச்சா?" என்று அழைப்பு வரும்.