இருக்கைக்குக் குளிர்ச்சி, பின்னச்சுக்குக் கொதிப்பு

ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டான். விடுமுறை நாட்களில் தன் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் ஓட்டுவது அவனுடைய பொழுதுபோக்கு. பின்னச்சின் டிஃபரென்ஷலுக்கு ஒயில் கூலர் பூட்டலாமா என்று யோசிக்கிறான். "கூட்டாளிமார் சிரிக்கிறாங்கள், மாமா. திடலில ஓடுறவன் தன்ர காசிலதானே பூட்ட வேணும், கொம்பனியக் குறை சொல்லி என்ன பிரயோசனம் எண்டுறாங்கள்" என்றான்.

பூட்டு என்றேன். அவனுடைய கூட்டாளிகளின் இரண்டாவது வாசகத்துக்குத்தான் இந்தப் பதிவு.

எஞ்சினுக்கு றேடியேற்றர் உண்டு, விசிறி உண்டு, நீர் உண்டு. டிஃபரென்ஷலுக்கு அதன் உலோகக் கூடும், காரின் அடியில் ஓடும் காற்றுமே கதி. அதன் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை. பக்கவாட்டில் வழுக்கியும் உராய்கின்றன. 500 குதிரைவலு கடந்து செல்லும்போது அதில் நூற்றுக்கு மூன்று வீதம் உராய்வில் போகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 15 குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 11 கிலோவாற் வெப்பம், இரண்டு மூன்று லீற்றர் ஒயிலுக்குள் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓட முப்பது நாற்பது குதிரைவலுவே அதிகம் என்பதால் வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிறவருக்கு இது ஒரு பொருட்டன்று. திடலில் இருபது நிமிடம் இடையறாது முடுக்கினால் ஒயில் நீர்த்துப்போகும். பற்களுக்கிடையே அது இடும் படலம் மெலியும். இரும்பு இரும்பைத் தொடும். சீல்கள் இறுகி ஒழுகத் தொடங்கும்.

இவை பொறியியலாளருக்குப் புதிய செய்திகளல்ல. ஆகவேதான் போர்ட் நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டு ஷெல்பி ஜிரி350 விவகாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 526 குதிரைவலு கொண்ட 5.2 லீற்றர் எஞ்சின். பந்தயத் திடலுக்கென்றே பிறந்த மஸ்டாங் என்ற முழக்கம். ஆனால் அவ்வாண்டின் அடிப்படை வகைக்கும் 'ரெக்னோலஜி' பொதி பெற்ற வகைக்கும் கியர்பெட்டிக் கூலரோ டிஃபரென்ஷல் கூலரோ இருக்கவில்லை. 'ட்ராக்' பொதிக்குத் தனியே பணம் கட்டியவருக்கு அவை கிடைத்தன. ரெக்னோலஜி பொதியில் சாரதியின் இருக்கையைக் குளிர்விக்கும் வசதி இருந்தது. அமர்பவரின் முதுகுக்குக் குளிர்காற்று, பின்னச்சுக்கு ஒன்றுமில்லை!

திடலில் வெப்பம் எல்லை மீறியதும் கணினி எஞ்சினின் வலுவைக் குறைத்து வண்டியை நொண்டவிட்டது. பின்னால் வேறு கார்கள் பாய்ந்து வரும் ஓடுபாதையில், ஒரு கார் சட்டென்று வலுவிழந்தால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2017 இல் புளோரிடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதைப்பற்றி? எந்தெந்த மாநிலத்தவர் ஒரு குழுவாகச் சேர்ந்து வழக்காடலாம் என்பதைப்பற்றி. ஆறாண்டுகள் கழிந்தும் பேச்சு அங்கேதான் நின்றது. இதற்கிடையில், 2017 மாதிரியிலேயே அந்தக் கூலர்கள் எல்லா ஜிரி350 கார்களுக்கும் பொதுவாக்கப்பட்டுவிட்டன. தேவையற்ற பொருளை எந்த நிறுவனம் அடுத்த ஆண்டே எல்லோருக்கும் பூட்டிக் கொடுக்கும்?

'பொதிப் பட்டியலை வாசித்து வாங்கியிருக்க வேண்டும்' என்பார்கள். பட்டியலை வாசிப்பவன் விளம்பரத்தையும் வாசிக்கிறான் அல்லவா? கூலருக்குப் பாரமும் செலவும் உண்டு, எல்லோருக்கும் அது வேண்டியதில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அப்படியானால் அந்த வகையைத் 'தெருவுக்கு மட்டும்' என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். திடலின் பெயரால் விலை கேட்டுவிட்டு, திடலில் ஓடியவனைக் குற்றவாளியாக்குவது வியாபார நேர்மை அன்று.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. ஒரு காலத்தில் ஞாயிறு வாரமலரின் மோட்டார் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். நிறுவனம் அனுப்பும் குறிப்பைத் தமிழாக்கி, ஒரு வர்ணப்படத்தை ஒட்டி, குதிரைவலுவைத் தலைப்பில் ஏற்றினால் பக்கம் நிறைந்துவிடும். பின்னச்சின் ஒயில் எத்தனை பாகையில் நிற்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் தந்தவர்களிடம் கேட்கும் துணிவும் இருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மருமகனுக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒயிலுக்கு ஒரு வெப்பமானி பூட்டு. எண்ணைப் பார்த்தபின் பணத்தை எடு. எண் மிஞ்சினால் மின்பம்பு, வடி, சிறு றேடியேற்றர் மூன்றும் வேண்டும். கிடங்கின் அடியிலிருந்து ஒயிலை இழுத்துக் குளிர்வித்து மீண்டும் மேலே ஊற்றுவதே அதன் வேலை. பம்பை வெப்ப ஆளியோடு இணைக்கச் சொல். குளிரில் கியர் ஒயில் தேன்பாகு போலிருக்கும். அந்நிலையில் ஓடவிட்டால் பம்பு எரிந்துபோகும். குழாய்களைப் புகைபோக்கிக்கு விலக்கிக் கொண்டுபோகச் சொல். ஓட்டம் முடிந்ததும் ஒயிலை மாற்று.

அவன் வெப்பமானிக்குச் சொல்லிவைத்திருக்கிறானாம். கூட்டாளிமார் இன்னும் சிரிக்கிறார்களாம்.