வீசுகோல் பிடித்தவர்

1903. மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ஓப்பரா ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பாடகர் ஒரு பாட்டைப் பிரமாதமாகப் பாடிவிட, இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கூட்டம் விடாமல் கத்துகிறது. இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த ஆர்ட்டூரோ டோஸ்கனினிக்கு இந்த 'ஒன்ஸ்மோர்' என்றாலே ஆகாது. கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு நடுவிலேயே இறங்கிப் போய்விட்டார். மூன்று வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

நம் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் குழுவை நடத்தும் ஓர் அண்ணாவி இப்படி எழுந்து போக முடியுமா? கோயில் கமிட்டிக்காரர்கள் இருக்கட்டும், சாமி சுடலைமாடனே விடமாட்டார். கூட்டத்தோடு கோபித்துக்கொள்ள வில்லுப்பாட்டில் இடமே வைக்கவில்லை. காப்பு, வருபொருள், குருவடி எல்லாம் பாடி, அடுத்து அவையடக்கமும் பாடியாக வேண்டும். பிழை பொறுக்கச் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் கதைக்குள் காலெடுத்து வைக்கலாம். டோஸ்கனினி அரங்கத்து விளக்கைக் குறைக்கச் சொன்னவர். பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது என்று பெண்களின் தொப்பியைக் கழற்றச் சொன்னவர். இங்கே டியூப்லைட் வெளிச்சத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, கடலைக்காரர் நடுவில் புகுந்து வர, அதற்குள்தான் பாட்டு.

வேலை என்னவோ ஒன்றுதான். பல பேர் கையையும் தொண்டையையும் ஒரு ராத்திரி முழுக்கச் சேர்த்துக் கட்டிவைப்பது. டோஸ்கனினியின் கோலில் சத்தம் வராது. அண்ணாவியின் வீசுகோல் நாணில் விழுந்தால் வில்லில் கட்டிய மணிகள் மொத்தமும் குலுங்கும். அவர் எதிரே நின்று நடத்துபவரல்ல. குழுவோடு குழுவாக உட்கார்ந்து, தானே பாடிக்கொண்டு நடத்துபவர். வலம் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், இடம் பாடுகிறவர்கள் மறுபக்கம். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. உடுக்கை அரை மாத்திரை பின்தங்கினால், தலையைத் திருப்பாமலே வீசுகோலை ஓங்கிப் போட்டு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

டோஸ்கனினி பார்மா ஊரின் தையற்காரர் மகன். குழுவில் செல்லோ வாசிக்கப் போனவர். 1886-ல் ரியோ டி ஜெனிரோவில் நடத்துநரோடு பிரச்சினையாகிவிட, 19 வயதுப் பையன் கையில் கோலைக் கொடுத்தார்கள். 'ஐடா' ஓப்பரா முழுவதையும் ஏடு பார்க்காமலே நடத்தி முடித்தார். கிட்டப்பார்வை, பார்த்தாலும் எழுத்து தெரியாது என்பதால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நம் வில்லுப்பாட்டுப் புலவர்களில் ஏட்டையோ நோட்டையோ பக்கத்தில் வைத்துப் பாடுகிறவர்களும் உண்டு. ஆனால் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது அதைப் புரட்ட நேரம் ஏது?

அந்த இடத்தில்தான் அண்ணாவியின் திறமை தெரியும். சாமியாட வேண்டிய கோமரத்தாடி எதிரே சும்மா நிற்பார். அண்ணாவியின் வாய் சாமியின் பிறப்பைப் பாடும், கண் மட்டும் அவர் கால் விரலில் இருக்கும். தோளில் லேசாக ஒரு உதறல் கண்டதும் கதை அதற்கு மேல் நகராது. அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். வீசுகோல் துரிதப்படும், குடம் கூடவே ஓடும். "அண்ணாவி, விட்டிராதயும்!" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் குரல் கொடுப்பார். சாமி வந்து ஆடி, மஞ்சணை பூசி, குறி சொல்லி அடங்கியதும், விட்ட அடியிலிருந்து தொடர வேண்டும். சாமி வரவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. கூட்டம் கேட்டால்கூட இரண்டாம் தரம் பாட மறுத்த இத்தாலியரை இங்கே உட்காரவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள் இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தவர். ஆண் புலவர்கள் நிறைந்த துறையில் வில்லின் நடுவே உட்கார்ந்து வீசுகோல் பிடித்த பெண். கடைசிக் காலத்தை வசதியில்லாமல்தான் கழித்தார்; 2018 நவம்பரில் காலமானார். டோஸ்கனினிக்காக அமெரிக்காவில் 1937-ல் என்.பி.சி. வானொலி ஒரு இசைக்குழுவையே உருவாக்கிக் கொடுத்தது. நம்மவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்டால் சங்கடம்தான்.

ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவர் சென்னைக்கு அழைத்துவந்த சத்திரம் புதுக்குளம் சுப்பு ஆறுமுகம் காந்தி கதை முதல் எத்தனையோ கதைகளை அந்த மேடையில் பாடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பெரிய காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சபா மேடையில் எதிரே கோமரத்தாடி இல்லை. பாடுகிறவர் ஒத்திகை பார்த்தபடி தொடங்கி, குறித்த நேரத்தில் முடித்துவிடலாம். அண்ணாவிக்குள்ள பெரிய தலைவலி அங்கே இல்லை. ருசியில் பாதியும் இல்லை என்பேன்.

1926-ல் லா ஸ்காலாவில் புச்சினியின் 'தூராந்தோ' அரங்கேற்றம். எழுதி முடிக்குமுன்பே புச்சினி இறந்துவிட, மிச்சத்தை வேறொருவர் முடித்திருந்தார். அன்றைக்கு டோஸ்கனினி, புச்சினி எழுதிய கடைசி இடத்தோடு கோலை வைத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, மேதை உயிர்விட்டது இந்த இடத்தில்தான் என்ற பொருளில் சொல்லி நிறுத்தினார்.

வில்லுப்பாட்டில் இறப்போடு நிறுத்த முடியாது. முத்துப்பட்டன் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். செத்ததால்தான் பட்டவராயனாகிச் சாமியாக நிற்கிறான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்ற பொருளில்தான் தன் 1988-ஆம் ஆண்டு நூலுக்குத் தலைப்பே வைத்தார். துர்ச்சாவைப் பாடி, ஆவி தெய்வமான கதையையும் பாடி, அப்புறம் வாழி பாட வேண்டும். சாமிக்கு, ஊருக்கு, கேட்டவர்களுக்கு, நன்கொடை தந்தவர்களுக்கு. யார் பெயராவது விட்டுப்போனால் வில்லை அவிழ்ப்பதற்குள் அந்த ஆளே அண்ணாவி முன்னால் வந்து நிற்பார்.