வயிறு நிறைந்தால் போதுமா?

திருவிழா அன்னதானத்தில் நம் செமிலிங் வட்டாரக் குழந்தைகள் வயிறார உண்பதைக் காணக் கண் குளிர்கின்றது. ஆயினும் அன்பர்களே, வெறும் சோறு பசியைத் தணிக்குமேயன்றி, இரும்புச்சத்து, துத்தநாகம், ஏ உயிர்ச்சத்து ஆகியவற்றின் குறையைத் தீர்க்காது. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை.

ஊட்டம் குன்றிய ஏழைக் குழந்தைகளுக்கென உணவுக்கூடைத் திட்டத்தை அரசாங்கம் 1989இல் தொடங்கியது. இத்தகைய உதவியைப் பெறுவது இழிவன்று. அது குழந்தையின் உரிமை. இரும்புச்சத்து மருந்தைக் கடையில் வாங்கித் தாமாகவே கொடுப்பதும் தகாது. அளவு மீறின் உயிருக்கே ஆபத்து. சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, அங்குக் கூறும் அளவிலேயே கொடுத்தல் வேண்டும்.

ஆலய நிர்வாகங்கள் அன்னதானத்தில் கீரையும் பயறும் சேர்க்கட்டும். தயங்கும் தாய்மாரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அதுவும் திருப்பணியே.